ஒரே கிருமி; மகனுக்கு அமிலம் மிகுதி, தாய்க்கு அமிலம் குறைவு: எப்படி?

கேள்வி: பூம்பாறை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் உள்ள பூம்பாறையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இருவருக்கு வயிற்று நோய். இரண்டுக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற ஒரே கிருமிதான் காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனால் இருவரின் நோயும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருப்பதால் எனக்குத் தெளிவு கிடைக்கவில்லை.

என் தம்பிக்குச் சில ஆண்டுகளுக்கு முன் நள்ளிரவு தாண்டியதும் மேல்வயிற்றில் வலி வந்து தூக்கம் கலைந்துவிடும். எழுந்து இரண்டு வாய் சோறோ பிஸ்கட்டோ சாப்பிட்டால் அடங்கிவிடும். எண்டோஸ்கோபி செய்து பார்த்தபோது, இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண் இருந்தது. எடுத்த திசுத் துணுக்கை மஞ்சள் நிற ஜெல்லில் வைத்தார்கள். நாங்கள் வெளியே வருவதற்குள் அது செக்கச் செவேலென்று மாறிவிட்டது. கிருமி இருக்கிறது, அமிலமும் மிகுதியாகச் சுரக்கிறது என்று சொல்லி 14 நாள் மருந்து கொடுத்தார்கள். அதன் பிறகு அவனுக்கு வலி இல்லை.

இப்போது அம்மாவுக்கு அறுபது கடந்துவிட்டது. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது, நாக்கு எரிகிறது, பாதம் மரத்துப்போகிறது. பூண்டு வயலில் முன்போல நின்று வேலை செய்ய முடியவில்லை. இரத்தத்தில் பி12 மிகவும் குறைந்திருக்கிறது. திண்டுக்கல்லில் எண்டோஸ்கோபி செய்தோம். இரைப்பையின் உடல் பகுதியில் உட்படலம் மெலிந்திருப்பதாக அறிக்கை சொல்கிறது. கிருமிக்கான ஜெல் சோதனையில் நிறம் மாறவில்லை. அப்படியும், பழைய கிருமித் தொற்று இப்படி ஆக்கியிருக்கலாம், அமிலச் சுரப்பு குறைந்திருக்கும் என்கிறார் மருத்துவர்.

ஒரே கூரையின் கீழ், ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள். ஒரே கிருமி ஒருவருக்கு அமிலத்தைக் கூட்டி, இன்னொருவருக்கு எப்படிக் குறைக்கும்? கிருமி இல்லை என்று சோதனை காட்டிய பிறகும் அதன்மேல் பழி போடுவது சரியா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: வத்தலக்குண்டு மருத்துவர்

வணக்கம். மலையிலிருந்து இறங்கி வரும் இரைப்பை நோயாளிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கேள்வியிலேயே விடைக்கு வழி இருக்கிறது. கிருமி எது என்பதைவிட, அது இரைப்பையின் எந்தப் பகுதியில் குடியேறியிருக்கிறது என்பதே நோயின் போக்கைத் தீர்மானிக்கிறது.

இரைப்பை முழுவதும் ஒரே மாதிரியான பை என்று பலரும் நினைக்கிறார்கள். மேலே உள்ள ஃபண்டஸ் பகுதியிலும் அதற்குக் கீழே அகன்று கிடக்கும் உடல் பகுதியிலும்தான் அமிலம் சுரக்கும் பரைட்டல் செல்கள் நிறைந்திருக்கின்றன. குடலை நோக்கிக் குறுகும் கீழ்ப்பகுதியான ஆன்ட்ரத்தில் இவை மிகக் குறைவு. ஆனால் அமிலத்தைச் சுரக்கச் சொல்லும் ஆணை அங்கிருந்துதான் புறப்படுகிறது. உணவு வந்ததும் ஆன்ட்ரத்தில் உள்ள ஜி செல்கள் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. அது சுற்றி வந்து உடல் பகுதியை அடைந்து, அங்கே ஹிஸ்டமின் வழியாகப் பரைட்டல் செல்களைத் தூண்டுகிறது. அமிலம் போதுமான அளவு சேர்ந்து ஆன்ட்ரத்தின் பிஎச் அளவு ஏறக்குறைய 3க்குக் கீழே இறங்கியதும், பக்கத்திலேயே இருக்கும் டி செல்கள் சொமாட்டோஸ்டாட்டினைச் சுரந்து காஸ்ட்ரினுக்குக் கடிவாளம் போடுகின்றன. நலமான இரைப்பையில் இந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்கும் நடக்கிறது.

இனி கிருமிக்கு வருவோம். இது அமிலத்தைத் தாங்கும் கிருமியே தவிர, அமிலத்தை விரும்பும் கிருமி அன்று. தன்னிடமுள்ள யூரியேஸ் நொதியால் யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிளந்து, தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணித்துக்கொண்டு, இரைப்பையின் சளிப்படலத்துக்குள் துளைத்துச் சென்று, அமிலம் எளிதில் எட்டாத ஆழத்தில் வாழ்கிறது. நீங்கள் பார்த்த ஜெல் சிவந்ததும் இந்த அம்மோனியாவால்தான்.

அமிலம் வலுவாகச் சுரக்கும் ஒருவரின் இரைப்பையில் உடல் பகுதி இந்தக் கிருமிக்கும் கடினமான இடமாக இருப்பதால், அது பெரும்பாலும் ஆன்ட்ரத்தில் நிலைகொள்கிறது. அங்கே ஏற்படும் அழற்சி டி செல்களைப் பாதிக்கிறது, சொமாட்டோஸ்டாட்டின் குறைகிறது, காஸ்ட்ரின் கட்டுப்பாடின்றிச் சுரக்கிறது. உடல் பகுதி நலமாகவே இருப்பதால் அந்த ஆணையை முழு அளவில் நிறைவேற்றி அமிலத்தைக் கொட்டுகிறது. தேவைக்கு மேற்பட்ட அமிலம் முன்சிறுகுடலுக்குள் வழியும்போது, அங்குள்ள உட்படலம் தன்னைக் காத்துக்கொள்ளத் திட்டுத் திட்டாக இரைப்பைப் படலம்போல் மாறுகிறது. அந்தத் திட்டுகளில் கிருமியும் வந்து குடியேறுகிறது. பிறகு புண் வருகிறது. உங்கள் தம்பிக்கு நடந்தது இதுதான். சாப்பிட்டதும் வலி அடங்கியது உணவு அமிலத்தைத் தற்காலிகமாக ஈடுசெய்ததால்.

அமிலச் சுரப்பு ஏதோ ஒரு காரணத்தால் தொடக்கத்திலேயே குறைவாக இருப்பவரிடம் கதை மாறுகிறது. பிறவிக்கூறு, சிறுவயதுத் தொற்றின்போது அமிலம் குறைந்த காலம் நீடித்தது, அமிலத்தை அடக்கும் மாத்திரைகள் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். கிருமி ஆன்ட்ரத்திலிருந்து மேலேறி உடல் பகுதியிலும் பரவுகிறது. அங்கே அழற்சியின்போது வெளிப்படும் இன்டர்லூக்கின் 1 பீட்டா போன்ற பொருள்களே பரைட்டல் செல்களின் சுரப்பை அடக்குகின்றன. அமிலம் மேலும் குறைகிறது. கிருமிக்கு இன்னும் இடம் கிடைக்கிறது. பல பத்தாண்டுகள் இப்படியே போனால் சுரப்பிகள் தேய்ந்து மறைந்து, உட்படலம் மெலிந்துவிடும். அவற்றின் இடத்தில் குடலின் செல்களைப் போன்றவை முளைப்பதும் உண்டு. காஸ்ட்ரின் எவ்வளவு உயர்ந்தாலும் கேட்டுச் செயல்படச் செல்கள் மிச்சமில்லை.

ஆகவே தம்பியின் நோயும் அம்மாவின் நோயும் ஒரே கிருமியின் இரண்டு பாதைகள். இதில் கவலைக்குரியது இரண்டாவது பாதைதான் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜப்பானில் 1,526 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து 2001இல் வெளியான ஆய்வில், கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. கிருமி இருந்தும் முன்சிறுகுடல் புண் மட்டுமே உடையவர்களில் ஒருவருக்கும் வரவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். உடல் பகுதியில் கடும் தேய்வு உள்ளவர்களிடமே ஆபத்து கூடுதலாக இருந்தது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே இந்தக் கிருமியை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்திவிட்டது. இதைப் படித்துவிட்டு அம்மாவைப் பற்றி அஞ்ச வேண்டாம். தேய்வு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. ஆனால் எந்த அளவு தேய்ந்திருக்கிறது என்று அறியாமல் விட்டுவிடவும் கூடாது.

ஒன்று கேட்க வேண்டும். அம்மா அமிலத்தை அடக்கும் மாத்திரை ஏதேனும் தொடர்ந்து சாப்பிடுகிறார்களா? எண்டோஸ்கோபி செய்த நாளிலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களா?

பதில்: தாண்டிக்குடி காப்பித் தோட்டம்

மருத்துவர் ஐயாவின் விளக்கம் மிகவும் பயனுள்ளதாக இருந்தது. எனக்கு இரண்டு ஐயங்கள். எங்கள் பகுதியில் வயிற்றெரிச்சல் என்றால் மிளகாயைக் குறை, வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே என்பார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டைச் சுட்டுத் தின்றால் வயிற்றுப் புழு பூச்சி எல்லாம் சாகும் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தக் கிருமிக்குப் பூண்டு உதவுமா? இரண்டாவது, நாங்கள் ஊற்றுநீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம். மலையில் தண்ணீர் விரைவாகக் கொதித்துவிடுவதால் கிருமி சாகாது என்று ஒருவர் சொன்னார். அது உண்மையா?

பதில்: கேள்வி கேட்ட பூம்பாறை வாசகர்

மருத்துவர் ஐயாவுக்கு நன்றி. ஆம், அம்மா பான்டோப்ரசோல் மாத்திரையைப் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறார். முதலில் யாரோ எழுதிக் கொடுத்தது. பிறகு நாங்களே மருந்துக் கடையில் அட்டையைக் காட்டி வாங்கிக்கொண்டிருக்கிறோம். வெற்றிலையோடு சுருக்குப்பையிலேயே அந்த அட்டையும் இருக்கும். எண்டோஸ்கோபிக்குப் போன அன்றைக்கு முந்தின நாள் வரை சாப்பிட்டார். நிறுத்தச் சொல்லி யாரும் எங்களிடம் சொல்லவில்லை. திசுத் துணுக்கை ஆன்ட்ரத்திலிருந்து மட்டும் எடுத்ததாக அறிக்கையில் இருக்கிறது. இதனால் சோதனையின் முடிவு மாறியிருக்குமா?

பதில்: நோய்க்குறியியல் மருத்துவர், மதுரை

நான் பண்ணைக்காட்டில் பிறந்தவள். திசுத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. கடைசிக் கேள்விக்கு நான் பதில் எழுதுவது பொருத்தமாக இருக்கும் என்று கருதுகிறேன். ஆம், முடிவு மாறியிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரைகள் அமிலத்தை வலுவாக அடக்கும்போது ஆன்ட்ரத்தில் இருக்கும் கிருமிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அவை உடல் பகுதியிலும் ஃபண்டஸிலும் தொடர்ந்து வாழ்கின்றன. அழற்சியும் அவற்றோடு மேலே நகர்கிறது. ஆகவே மாத்திரை சாப்பிடுபவரின் ஆன்ட்ரத்திலிருந்து மட்டும் ஒரு துணுக்கை எடுத்து ஜெல்லில் வைத்து, நிறம் மாறவில்லை என்பதால் கிருமி இல்லை என்று முடிவு செய்வது தவறு. மூச்சுச் சோதனைக்கும் மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் சோதனைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இம்மூன்றுக்கும் இந்த வகை மாத்திரைகளைக் குறைந்தது 2 வாரமும், ஆன்டிபயாடிக், பிஸ்மத் மருந்துகளைக் குறைந்தது 4 வாரமும் நிறுத்திய பிறகே செல்ல வேண்டும். நெறிமுறைகள் எல்லாவற்றிலும் உள்ள இந்த விதி மருந்துச் சீட்டின் ஓரத்தில்கூட எழுதப்படாமல் போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மலையிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பேருந்து பிடித்து இறங்கி வருபவருக்கு ஒரு பிழையான முடிவு என்பது சிறிய செய்தி அன்று.

துணுக்குகளை எங்கிருந்து எடுப்பது என்பதற்கும் வரையறை உண்டு. 1994இல் திருத்தப்பட்ட சிட்னி முறைப்படி ஐந்து இடங்களிலிருந்து எடுக்க வேண்டும்: ஆன்ட்ரத்தின் இரு வளைவுகளிலும் ஒவ்வொன்று, உடல் பகுதியின் இரு வளைவுகளிலும் ஒவ்வொன்று, இரண்டும் சந்திக்கும் மடிப்பில் ஒன்று. ஆன்ட்ரத் துணுக்கும் உடல் பகுதித் துணுக்கும் ஒரே குப்பியில் கலந்து வரக் கூடாது. தேய்ந்துபோன உடல் பகுதி நுண்ணோக்கியில் ஆன்ட்ரத்தைப் போலவே தோன்றும்; எந்தக் குப்பி எந்த இடம் என்று எழுதியிருந்தால்தான் தேய்வைத் தேய்வு என்று எங்களால் சொல்ல முடியும்.

உங்கள் அம்மாவின் நோயில் இன்னொரு வாய்ப்பையும் விட்டுவிடக் கூடாது. உடலின் எதிர்ப்புச் சக்தியே தன் பரைட்டல் செல்களைத் தாக்கும் தன்னெதிர்ப்பு இரைப்பை அழற்சி என்ற நோய் உண்டு. அதிலும் அமிலம் வற்றும், பி12 குறையும், நாக்கு எரியும், பாதம் மரக்கும். பி12ஐக் குடல் உறிஞ்சுவதற்குத் தேவையான இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற புரதத்தைச் சுரப்பதும் இதே பரைட்டல் செல்கள்தான் என்பதால், எந்தக் காரணத்தால் அவை அழிந்தாலும் விளைவு ஒன்றாகவே தெரியும். வேறுபாடு இடத்தில் இருக்கிறது. தன்னெதிர்ப்பு நோய் உடல் பகுதியையும் ஃபண்டஸையும் மட்டும் தாக்கி, ஆன்ட்ரத்தைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். கிருமியால் வந்த தேய்வு ஆன்ட்ரத்திலும் தடம் பதித்திருக்கும். இரண்டு இடத்துத் துணுக்குகளும் இருந்தால் இதைப் பிரித்தறியலாம். பரைட்டல் செல், இன்ட்ரின்சிக் ஃபேக்டர் ஆகியவற்றுக்கு எதிரான ஆன்டிபாடி இரத்தச் சோதனையும் துணை செய்யும்.

கிருமி இல்லாதபோதும் அதன்மேல் பழி போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தேய்வு மிக முற்றி, உட்படலம் குடல்போல மாறிய இடங்களில் இந்தக் கிருமியால் வாழ முடியாமல் அதுவே மறைந்துவிடுவதுண்டு. அப்போது எந்த நேரடிச் சோதனையும் அதைக் காட்டாது. இரத்தத்தில் பழைய ஆன்டிபாடி மட்டும் மிஞ்சியிருக்கலாம். ஆகவே உங்கள் மருத்துவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஆனால் மாத்திரையால் மறைந்திருக்கும் கிருமியா, தானாக மறைந்த கிருமியா, கிருமியே இல்லாத தன்னெதிர்ப்பு நோயா என்று இப்போதுள்ள ஒரு துணுக்கை வைத்துச் சொல்ல இயலாது.

பதில்: வத்தலக்குண்டு மருத்துவர்

மதுரை மருத்துவர் அம்மா எழுதியதை நான் முழுமையாக ஏற்கிறேன். விடுபட்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

தாண்டிக்குடி நண்பருக்கு முதலில். மிளகாயும் காப்பியும் சிலருக்கு எரிச்சலைக் கூட்டலாம். முன்சிறுகுடல் புண்ணை அவை உண்டாக்குவதில்லை. கிருமியும், மூட்டுவலிக்காகச் சாப்பிடும் வலி மாத்திரைகளும்தான் பெரும் காரணங்கள். பூண்டுச் சாறு ஆய்வகக் கிண்ணத்தில் இந்தக் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பது உண்மை. ஆனால் கிருமி உள்ள மனிதர்களுக்குப் பூண்டைக் கொடுத்துப் பார்த்தபோது தொற்று நீங்கவில்லை. நம் மலைப்பூண்டை உணவாக மகிழ்ச்சியோடு சாப்பிடுங்கள். மருந்துக்கு மாற்றாக வைக்க வேண்டாம். தண்ணீரைப் பற்றிய ஐயத்துக்கு: கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். நோய் தரும் பாக்டீரியாக்கள் சாவதற்கு அந்த வெப்பம் தாராளமாகப் போதும். மூன்று நிமிடம் நன்றாகத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். இந்தக் கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள்ளேயே, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிறது. சோற்றை வாயில் மென்று குழந்தைக்கு ஊட்டும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுவது நல்லது.

நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இந்தக் கிருமி இருக்கிறது. புண் வருவது அவர்களில் சிலருக்கே. மைசூரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய ஃபிராங்க் டோவி, அரிசி உண்ணும் தென்னிந்தியாவில் முன்சிறுகுடல் புண் மிகுந்தும் கோதுமை உண்ணும் பஞ்சாப் பகுதியில் குறைந்தும் இருந்ததை, கிருமி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984இல் இந்தக் கிருமியைத் தானே குடித்து நிரூபித்ததும் இரைப்பை அழற்சியைத்தான். அவருக்குப் புண் வரவில்லை. அதற்காகவும் அதற்கு முன்னான கண்டுபிடிப்புக்காகவும் ராபின் வாரனோடு சேர்த்து 2005இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கிருமியோடு அமிலம், உணவு, பிறவிக்கூறு எல்லாம் சேர்ந்தே நோயின் வடிவத்தை அமைக்கின்றன.

பூம்பாறை வாசகருக்கு. பி12 ஊசியைத் தொடங்க எந்தச் சோதனைக்காகவும் காத்திருக்க வேண்டாம்; பாதத்தின் மரத்தல் நாள்பட்டால் முழுமையாக மீளாமல் போகலாம். பான்டோப்ரசோலை உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அம்மா ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ சாப்பிடுகிறவராக இருந்தால் பான்டோப்ரசோலை நீங்களாக நிறுத்தக் கூடாது. அமிலமே வற்றிய இரைப்பைக்குப் பான்டோப்ரசோலால் பயன் ஏதும் இல்லை என்பதோடு, பி12 மேலும் குறையவும் அது காரணமாகலாம். நிறுத்திய சில நாள்களில் எரிச்சல் தோன்றினால் சாதாரண அமில முறிப்பு மருந்தைக் குடிக்கலாம். அது சோதனையைக் கெடுக்காது. 2 வாரம் கழித்து ஐந்து இடத் துணுக்குகளோடு எண்டோஸ்கோபியை மீண்டும் செய்யக் கேளுங்கள்.

கிருமி இருப்பது உறுதியானால் 14 நாள் மருந்து. நம் நாட்டில் மெட்ரோனிடசோலுக்கும் கிளாரித்ரோமைசினுக்கும் எதிர்ப்பு மிகுந்திருப்பதால், பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்துக் கூட்டையே நான் முதலில் விரும்புகிறேன். அந்தக் கூட்டிலும் அமிலத்தை அடக்கும் மாத்திரை இருக்கும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம். அமிலம் தணிந்தால்தான் கிருமி பெருகத் தொடங்கும். பெருகும் கிருமியைத்தான் பல ஆன்டிபயாடிக்குகளால் கொல்ல முடியும். அந்த 14 நாளுக்கு மட்டும் அது தேவை. பிஸ்மத்தால் மலம் கறுத்துப் போவது இயல்பு. ஆனால் பிஸ்மத்தோ இரும்பு மாத்திரையோ சாப்பிடாத நாளில் மலம் தார்போலக் கறுத்தால், இரத்த வாந்தி வந்தால், விழுங்க முடியாமல் போனால், காரணமின்றி எடை குறைந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

தேய்வு இரண்டு பகுதிகளிலும் பரவலாக இருப்பது தெரியவந்தால், கிருமி ஒழிந்த பிறகும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை எண்டோஸ்கோபி செய்து பார்ப்பது வழக்கம். உங்கள் தம்பிக்கும் ஒன்று சொல்லுங்கள்: வலி நின்றது கிருமி ஒழிந்ததற்குச் சான்று ஆகாது. மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்து பார்க்க வேண்டும். அப்போது செய்யாமல் விட்டிருந்தால் இப்போதும் செய்யலாம். வீட்டில் இருக்கும் மற்றப் பெரியவர்களையும் சோதித்துக்கொள்ளுங்கள். அம்மாவை அழைத்து வரும்போது பழைய அறிக்கையோடு, திசுத் துணுக்கின் கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டியையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கி எடுத்து வாருங்கள். அவற்றைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு.